திரைப்படப் பொம்மையும் பெயருரிமையும்

தோற்றுவாய்

சிறுவர் கையிலுள்ள பொம்மை மிகச் சிறிய பொருள். ஆயினும் அதனைப் பற்றி எழும் வினா சிறியதன்று. பொம்மையைச் செய்தவன் ஒருவன். அதன் உருவத்துக்கும் பெயருக்கும் உரியவன் மற்றொருவன். அதனை விலைகொடுத்து வாங்குபவன் வேறொருவன். இம்மூவருள் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதே அவ்வினா. திரைப்படத்தின் பெயராலும் உருவத்தாலும் பண்டங்கள் விற்கப்படும் இக்காலத்தில் இது கற்றவர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கதாகும். இதனை யாம் ஆராயப் புகுந்ததற்கு எமது பிழையொன்றே காரணமாயிற்று. ஆதலின் அதனை முதற்கண் கூறிவிடுவோம்.

சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒட்டி, விடுதி மாணவராகிய யாம் சிலர் கூடி, ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் பொருள் திரட்டும் பொருட்டுச் சிறு விற்பனைச்சாலை ஒன்று நடத்த எண்ணினோம். புகழ்பெற்ற திரைப்படமொன்றின் தலைவன் உருவைப் பிளாஸ்டர்ப் பொம்மையாக வார்ப்பித்து வைத்தால் மாணவர் மொய்த்துக்கொண்டு வாங்குவர் என்பது எம் துணிபு. மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தை கூடுவதை இப்பகுதியார் நன்கறிவர். அங்கே பொம்மை வார்த்து விற்கும் முதியவர் ஒருவரைக் கண்டு, கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி, நூறு பொம்மைக்கு விலை பேசி மீண்டோம்.

செய்தியைக் கேட்ட எம் ஆசிரியர் ஒருவர், “இவ்வுருவம் யாருடையது? உரியவரைக் கேட்டீர்களா?” என்று வினவினார். யாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எம்முள் ஒருவர் மட்டும், “தருமத்துக்குத்தானே, ஐயா!” என்றார். “தருமம் செய்பவன் தன் பொருளைக் கொண்டன்றோ செய்தல் வேண்டும்?” என்று மறுமொழி வந்தது. அன்று எமக்கு விடை கிடைக்கவில்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்து இக்கட்டுரையாக வரைகின்றோம்.

பண்டை விளையாட்டுப் பொருள்கள்

தமிழ் நூல்களில் விளையாட்டுப் பொருள்களைப் பற்றிய குறிப்புகள் பல உள. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில், தச்சன் இயற்றித் தந்த சிறு தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவதைத் தும்பிசேர் கீரனார் உவமையாக்கினார். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் கோழியை ஓட்ட எறிந்த பொற்குழை, சிறுவரின் மூன்றுருளைத் தேருக்கு வழித்தடையாகக் கிடக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுப் பொருள்களின் பெயரையே கொண்டுள்ளன. மணப்பெண்ணோடு புக்ககம் சென்ற மரப்பாச்சியையும், தலையை ஆட்டும் தஞ்சாவூர்ப் பொம்மையையும் நம் பாட்டிமார் அறிவர்.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அத்தேர் தச்சனின் கைத்திறத்தால் மதிப்புப் பெற்றது. மரப்பாச்சி அதன் மரத்தாலும், தஞ்சாவூர்ப் பொம்மை அதன் ஊராலும் அறியப்பட்டன. தனக்குப் புறம்பான ஒருவன் பெயரைக் கடன் வாங்கி அவை சந்தைக்கு வந்தனவல்ல. பெயரைக் கடன் வாங்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. அது தோன்றிய வரலாற்றை இனிக் காண்போம்.

பெயர் பண்டமான வரலாறு

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார் தாம் எழுதிய கதையில் வரும் பீட்டர் என்னும் முயலுக்குத் தம் கையாலேயே பொம்மை தைத்து, 1903-ஆம் ஆண்டில் அவ்வடிவத்தைப் பதிவு செய்துகொண்டார். கதைப்பாத்திரம் கடைப்பண்டமாவதற்கு இது தொடக்கம் எனலாம். இங்கே பாத்திரத்தைப் படைத்தவரும் பொம்மையைச் செய்தவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது.

திரைப்படத்துறையில் இவ்வணிகம் வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலியால் தழைத்தது. 1928-ஆம் ஆண்டில் அச்சுண்டெலி திரையில் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டில் ஒருவர் டிஸ்னியை அணுகி, அவ்வுருவைப் பள்ளி மாணவரின் எழுதுபலகை அட்டையில் பொறித்துக்கொள்ள 300 டாலர் கொடுத்தார். 1930-இல் சார்லட் கிளார்க் என்னும் பெண்மணி துணியால் மிக்கி பொம்மை தைத்தார். அதனை வேண்டினோர் தொகை பெருகவே அவர் கையால் தைத்து முடியாதாயிற்று. 1932-இல் அப்பொம்மையின் வெட்டுப்படிவமே அச்சிட்டு விற்கப்பட, தாய்மார் வீட்டிலேயே தைத்துக்கொண்டனர். அவ்வாண்டிலேயே கே கேமென் என்பவர் டிஸ்னியின் முகவராக அமர்ந்து, யார் எப்பண்டத்தில் இவ்வுருவைப் பொறிக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தினார். 1933-இல் இங்கர்சால் கைக்கடிகாரமும், 1934-இல் லயனெல் என்னும் நிறுவனத்தின் சிறு இருப்புப்பாதைத் தள்ளுவண்டியும் வெளிவந்தன. பொருளாதார மந்தத்தால் நொந்திருந்த லயனெல் நிறுவனம் மீளுவதற்கு அவ்வண்டியும் உதவிற்று. நன்முறையில் அமைந்த உரிமம், பெயர் தந்தவரையும் பண்டம் செய்தவரையும் ஒருங்கே வாழ்விக்கும் என்பதற்கு இது சான்று.

1977-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் படம் இவ்வணிகத்தின் போக்கையே மாற்றிற்று. அதன் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் தம் ஊதியத்தை உயர்த்திக் கேளாமல், தொடர்படங்களின் உரிமையையும் சார்புப் பண்டங்களின் உரிமையையும் தமக்கென ஒதுக்கிக்கொண்டார். அந்நாளில் பட முதலாளிகளுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை; பின்னர் அதுவே பெருஞ்செல்வமாயிற்று. பொம்மை உரிமம் பெற்ற கென்னர் நிறுவனமோ இத்துணை வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது, பொம்மையோ வார்த்து முடியவில்லை. அந்நிறுவனத்தார் வெற்று அட்டைப்பெட்டியில் ஓர் உறுதிச்சீட்டை வைத்து விற்றனர். அச்சீட்டை அனுப்பியவர்க்கு 1978-இன் தொடக்கத்தில் நான்கு பொம்மைகள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. பொம்மையில்லாத பெட்டியும் பெயரின் வலிமையால் விலைபோயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

உரிமப் பத்திரத்தின் உறுப்புகள்

கடைத்தெருவில் லைசென்சு என வழங்கும் உரிமமாவது யாது? தன் பெயரையும் உருவையும் பிறன் ஒருவன் வரையறுத்த முறையில் பயன்படுத்திக்கொள்ள, உரியவன் எழுதிக் கொடுக்கும் இசைவே உரிமம் ஆகும். அது விற்பனையன்று; குடிக்கூலிக்கு வீடு விடுவது போன்றது. வீடு உரியவனுடையதாகவே இருக்கும். குடியிருப்பவன் குறித்த காலம் வாழ்ந்து வெளியேறுவான்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கூற்று. வணிகர் எழுதும் இப்பத்திரமும் நிலத்தையும் பொழுதையும் வரையறுத்தே நடைபெறுகின்றது. எந்நாட்டில் விற்கலாம், எத்தனை ஆண்டு விற்கலாம் என்பன முதலில் வரும். எப்பண்டத்தில் பொறிக்கலாம் என்பது அடுத்தது: பொம்மைக்கு உரிமம் பெற்றவன் பள்ளிப்பையில் அவ்வுருவைப் பொறித்தல் ஆகாது. ஒருவனுக்கே தனியுரிமையா, பலர்க்கும் பொதுவா என்பது பின்னது. அதன்பின், வரைபடம், முதல் மாதிரி, வண்ணம், பெட்டி என ஒவ்வொரு படியிலும் உரியவனிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்னும் விதி வரும். காலம் முடிந்தபின் எஞ்சிய சரக்கை விற்றுத் தீர்க்கச் சில திங்கள் தவணையும் தரப்படுவதுண்டு. அதன் பின்னும் எஞ்சியதை அழித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது தொகை. மொத்த விற்பனை விலையில் நூற்றுக்கு இத்தனை என்று பெறுவதை ராயல்டி என்பர். ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டது பெரும்பாலும் வழக்கம். அதனோடு, விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு கொடுத்தே தீரவேண்டும் என்னும் உறுதித்தொகையும் உண்டு. சிறு தொழிலாளனுக்குத் தாழிட்ட கதவு இவ்வுறுதித்தொகையே. அதனை ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஒரு பொம்மையின் மொத்த விலை 100 ரூபாய் என்றும், ராயல்டி நூற்றுக்குப் பத்து என்றும், உறுதித்தொகை 5 இலட்சம் ரூபாய் என்றும் கொள்வோம். ஐம்பதாயிரம் பொம்மை விற்றால் பொம்மைக்குப் பத்து ரூபாய் வீதம் கணக்கு நேராகும். இருபதாயிரமே விற்றதாயின், சேர வேண்டிய ராயல்டி 2 இலட்சம். ஆயினும் எஞ்சிய 3 இலட்சத்தையும் கொடுத்தே ஆகவேண்டும். அப்போது பொம்மை ஒன்றுக்குப் பெயரின் விலை பத்து ரூபாயன்று, இருபத்தைந்து ரூபாய் ஆகும். படம் ஓடாவிடின் அதன் சுமையில் ஒரு பங்கு, அப்படத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத பொம்மைத் தொழிலாளன் தலையிலும் விழுகின்றது.

காலத்தின் சுமையும் இத்தகையதே. பிளாஸ்டிக் பொம்மை வார்க்கும் எஃகு அச்சைச் செய்து முடிக்கத் திங்கள் பல ஆகும்; பொருட்செலவும் மிகுதி. ஆகவே படம் வெளிவருமுன்னரே, அது நன்றோ தீதோ என்று அறியாமலே, பொம்மை செய்யத் தொடங்குதல் வேண்டும். படம் வெளிவரும் நாள் தள்ளிப்போயின் சரக்குக் கிடங்கில் தேங்கும். படம் மறக்கப்பட்டால் பொம்மையும் மறக்கப்படும். தச்சன் செய்த தேர் உருளை தேயும்வரை ஓடிற்று; திரைப்படப் பொம்மையோ, உடையாமல் இருந்தும், அடுத்த படம் வந்தவுடன் பழையதாகி விடுகின்றது.

இதனால் உரிமமே தீதென்று கூற வந்தோமல்லேம். உரியவன் ஒப்புதல் பெற்றுச் செய்யும் பொம்மையில் உருவம் திருத்தமாக இருக்கும். செய்தவன் யாவன் என்பது பெட்டியில் தெரியும். நச்சு வண்ணம் பூசியிருந்தால் பொறுப்பேற்க ஒருவன் இருப்பான். முகவரியில்லாப் போலிப் பொம்மைக்கு இவையொன்றும் இல்லை.

நம் நாட்டு நிலை

தமிழ்த் திரைப்படங்கள் இத்துணைப் பெருகியும், அவற்றின் பொம்மைகள் ஏன் பெருகவில்லை என்று சிலர் கேட்கலாம். எமக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. மேனாட்டுப் படங்களில் பாத்திரம் நிலைத்து நிற்க, நடிகர் மாறுவர். நம் படங்களிலோ நடிகர் நிலைத்து நிற்க, பாத்திரம் படந்தோறும் மாறும். ஆதலின் பொம்மையில் மக்கள் தேடுவது பாத்திரத்தை அன்று, நடிகரின் முகத்தையே. அம்முகத்தைப் பொறிக்கப் படமுதலாளியின் இசைவு மட்டும் போதாது. நடிகரின் இசைவும் வேண்டும். இஃது ஒன்று. நம் படங்களுட் பெரும்பாலன சிறுவரைக் கருதி எடுக்கப்படுவனவல்ல என்பது மற்றொன்று. ஐதராபாத்தில் கிரீன் கோல்டு நிறுவனத்தார் உருவாக்கி, 2008 முதல் தொலைக்காட்சியில் வந்த சோட்டா பீம் என்னும் சிறுவன், நடிகர் முகம் இல்லாத வரைபடப் பாத்திரம். மீண்டும் மீண்டும் சிறுவர் கண்முன் வந்தவன். அவனுருவம் பொம்மையிலும் பையிலும் உடையிலும் பரவியதற்கு இதுவே காரணம் எனலாம்.

நடிகரின் முகத்துக்கும் பாணிக்கும் உரிமை உண்டென்பதைத் தமிழகத்தில் பலரும் அறியச் செய்தது 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த பாபா திரைப்படம். அது வெளிவருமுன், அதில் தோன்றும் தம் தோற்றத்தையும் பாத்திரத்தையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று ரஜினிகாந்த் நாளிதழ்களில் சட்ட அறிவிப்பு வெளியிட்டார். 2015-ஆம் ஆண்டில், தம் பெயரைத் தலைப்பிற் கொண்டு எடுக்கப்பட்ட ஓர் இந்திப் படத்தை எதிர்த்து அவர் தொடுத்திருந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அப்படம் பின்னர்ப் பெயர் மாற்றிக்கொண்டது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும், இசைவின்றித் தம் பெயர், உருவம், குரல் இவற்றைப் பயன்படுத்துவோர்க்கு அவர் சார்பில் எச்சரிக்கை வெளியாயிற்று.

பொம்மையைப் பற்றியே எழுந்த வழக்கொன்றும் உண்டு. பாடகர் தலேர் மெகந்தியின் உருவை ஒத்து, அவர் பாட்டின் அடிகளைப் பாடும் பொம்மைகள் தில்லிக் கடைகளில் விற்கப்பட்டன. அவரது உரிமைகளைப் பெற்றிருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2010-ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் அவ்விற்பனையைத் தடைசெய்து, ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அத்தீர்ப்பிலேயே, புகழ்பெற்றோரைக் கேலிச்சித்திரமாக வரைதலும் நகையாடலும் பேச்சுரிமையின்பாற்படும் என்றும், இவ்வுரிமையை அதற்குத் தடையாக்கலாகாது என்றும் நீதிமன்றம் எச்சரித்தது. ஆகவே நகைத்தல் வேறு, அச்சிட்டு விற்றல் வேறு என்பது தெளிவு.

பொம்மைத் தொழிலின் நிலையும் அண்மையில் மாறியுள்ளது. பொம்மைகளின் இறக்குமதி வரி 2020-இல் நூற்றுக்கு இருபதிலிருந்து அறுபதாகவும், 2023-இல் எழுபதாகவும் உயர்த்தப்பட்டது. 2021 சனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. முன்னர் வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்தவற்றை இங்கேயே செய்யவேண்டிய நிலை பிறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம், எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தது, 1980-களிலிருந்தே அமெரிக்க ஹாஸ்புரோ நிறுவனத்தின் உரிமம் பெற்று ஜி.ஐ. ஜோ முதலிய பொம்மைகளை இந்நாட்டில் செய்து விற்றது. பெருநிறுவனங்களுக்கு இவ்வாறு வழி திறந்தே உள்ளது. பல்லாவரத்து முதியவர்க்கு என்ன வழி என்பதே எம் நெஞ்சை உறுத்திய வினா.

கிண்டியில் ஒரு கட்டிடம்

தாம்பரத்திலிருந்து மின்தொடரில் ஏறினால், குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை எனக் கடந்து அரைமணி நேரத்துள் கிண்டியை அடையலாம். அங்கே, தாம்பரத்தின் வழியாகச் செல்லும் அதே பெருந்தென்சாலையின்மேல், அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் உள்ளது. யாம் அச்சாலையில் பலமுறை போய்வந்தும், அக்கட்டிடத்தில் பெயர்கள் பதியப்படுகின்றன என்பதை இதுகாறும் அறிந்தோமல்லேம்.

அக்கட்டிடத்தில் இருவகைப் பெயர்கள் பதியப்படுகின்றன. வணிகச் சின்னம் என்பது ஒன்று. அது தனியொருவனுக்கோ நிறுவனத்துக்கோ உரியது. உரியவன் அதனைப் பிறர்க்கு உரிமத்தால் வழங்கலாம், விற்கலாம். திரைப்படத்தின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் பொம்மைக்கென இவ்வாறு பதியப்படுகின்றன. புவிசார் குறியீடு என்பது மற்றொன்று. அதன் பதிவகம் இந்தியா முழுமைக்கும் இங்கேதான் உள்ளது. தஞ்சாவூர்ப் பொம்மை, கருநாடகத்துச் சென்னபட்டணத்து மரப்பொம்மை, ஆந்திரத்துக் கொண்டபள்ளிப் பொம்மை ஆகியவை அப்பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டபோது யாம் வியந்தோம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிசார் குறியீட்டு உரிமையை விற்றலும் ஆகாது, அடகு வைத்தலும் ஆகாது, உரிமத்தால் பிறர்க்கு வழங்கலும் ஆகாது. தஞ்சாவூர்ப் பொம்மை என்னும் பெயர் அப்பகுதியில் அத்தொழிலை மரபாகச் செய்வோர் அனைவர்க்கும் பொது. எத்துணைப் பொருள் கொடுப்பினும் அது வேறொருவன் கைக்குப் போகாது. வணிகச் சின்னத்தில் பெயர் ஓரிடத்தும் கை வேறிடத்தும் இருத்தல் கூடும். புவிசார் குறியீட்டிலோ பெயர் தொழில் செய்யும் கையை விட்டு நீங்குவதில்லை. முத்திரை விதியிலிருந்தும் இக்குறியீட்டுக்கு உரிய பொம்மைத் தொழிலாளர்க்கும், பதிவுபெற்ற கைவினைஞர்க்கும் விலக்களிக்கப்பட்டுள்ளது.

இவ்விரண்டிலும் சேராத தனித்தொழிலாளனுக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. தானே புதிதாக எண்ணி அமைத்த பொம்மையின் வடிவத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி அவன் பதிந்துகொள்ளலாம். அவ்வுரிமை பத்தாண்டும், வேண்டின் மேலும் ஐந்தாண்டும் நிற்கும். ஆனால் பொம்மையைச் சந்தையில் வெளியிடுமுன் பதிதல் வேண்டும். பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது படிக்கு மேல் செய்துவிட்டால், அதற்குரிய பதிப்புரிமையும் அற்றுப்போகும் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகின்றது. இதனைப் பெருநிறுவனத்தார்க்கு எடுத்துச் சொல்ல வழக்கறிஞர் உளர். சந்தையில் அமர்ந்திருப்பவர்க்குச் சொல்ல யாரும் இலர்.

மீண்டும் சந்தைக்கு

மறு வெள்ளிக்கிழமை யாம் பல்லாவரம் சென்று, நடிகர் பொம்மை வேண்டாம் என்று நாணத்தோடு கூறினோம். முதியவர் சினங்கொள்ளவில்லை. “ஏன் தம்பி, விலை கூடவா?” என்றார். விலை காரணமன்று, உருவம் பிறருடையது என்றோம். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்து, “அப்போ நான் இத்தனை நாளும் திருடினேன் என்கிறீர்களா? அச்சு நான் வெட்டியது, மாவு என் காசு, வண்ணம் என் மகள் தீட்டியது” என்றார்.

எமக்கு நாவெழவில்லை. அவர் கூறிய மூன்றும் உண்மை. முகம் மட்டுமே அவருடையதன்று. சட்டமோ அம்முகத்தையே கேட்கின்றது. உழைப்பெல்லாம் ஒருபுறமும் உரிமையெல்லாம் மறுபுறமும் நிற்பதை அன்று நேரிற் கண்டோம். தருமத்தின் பெயரால் அவரைப் பிழை செய்யத் தூண்டியவர் யாமே என்பதும் எம்மைச் சுட்டது.

“ஐயா, உங்கள் கற்பனையில் செய்த பொம்மை ஏதேனும் உண்டா?” என்று கேட்டோம். கடையின் பின்புறத்திலிருந்து ஒரு காளையை எடுத்துவந்தார். கொம்பு சற்றே வளைந்து, கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்ப்பது போன்ற காளை. சிறுவனாய் இருந்தபோது தம் ஊரில் கண்ட காளையை நினைந்து செய்ததாகவும், யாரும் வாங்காமையால் நிறுத்திவிட்டதாகவும் கூறினார். நூறு காளைகளைச் சொன்னோம். வார்க்கத் தொடங்குமுன், வடிவப் பதிவைப் பற்றி யாம் அறிந்ததையெல்லாம் எடுத்துரைத்து, “உடன் வருகிறோம், பதிந்துகொள்ளுங்கள்” என்றோம். “முன்னமே விற்ற காளைதானே, தம்பி, அடுத்ததற்குப் பார்ப்போம்” என்று சிரித்தார். ஆயினும் ஒவ்வொரு காளையின் அடியிலும் தம் பெயரைப் பொறிக்க இசைந்தார்.

விற்பனை நாளில் காளைகள் விரைந்து விற்கவில்லை என்பதை மறைக்கமாட்டோம். நடிகர் பொம்மை எங்கே என்று கேட்டுச் சென்றவர் பலர். மாலையில் முப்பதுக்கு மேல் எஞ்சின; அவற்றை யாமே பங்கிட்டு வாங்கிக்கொண்டோம். திரட்டிய தொகை எண்ணியதிற் குறைவே. ஆயினும் அத்தொகையைக் கொடுத்தபோது, அதில் பிறர் பொருள் கலந்திருக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன யாவை? பாத்திரத்தைப் படைத்தவனுக்கும், முகத்தையும் புகழையும் உழைத்துத் தேடியவனுக்கும் அவற்றின்மேல் உரிமை உண்டு. அதனைக் கேளாது எடுத்தல் பிழையே. ஆனால் உரிமம் என்னும் ஏற்பாடு, உறுதித்தொகையாலும் குறுகிய காலத்தாலும், பெருமுதல் உடையோர்க்கே எட்டுவதாய் அமைந்துள்ளது. சிறு தொகைக்கும் சிறு எண்ணிக்கைக்கும் உரிமம் வழங்கும் முறையைத் திரைப்படத்தார் மேற்கொண்டால், கள்ளப் பொம்மை குறையும். நேர்மையாக வாழ விரும்பும் தொழிலாளன் திருடன் என்னும் பெயருக்கு அஞ்சவேண்டிய நிலை நீங்கும். உரிமப் பொம்மையின் பெட்டியில் படத்தின் பெயரோடு, அதனை வடித்தவன் பெயருக்கும் ஒரு மூலையில் இடம் தருதல் அவர்க்கு ஒரு குறையும் ஆகாது.

நம் கல்லூரி மாணவர்க்கும் இதில் கடமை உண்டு. நாம் கற்ற சட்டமும் மொழியும் அண்டை ஊரின் சந்தைக்குப் பயன்படாவிடின் அக்கல்வியால் ஆவதென்ன? கிண்டிக்குச் செல்லும் வழியை ஒரு தொழிலாளர்க்கேனும் காட்டுவோமாயின், அது பெருந்தொண்டாகும். எம் அறையின் மேசைமேல் அக்காளைகளுள் ஒன்று கழுத்தைத் திருப்பி நிற்கின்றது. அதனைக் காண்போர், எந்தப் படத்தில் வந்தது என்று கேட்கின்றனர். எந்தப் படத்திலும் வரவில்லை என்று கூறி, அதனைக் கவிழ்த்து, அடியிலுள்ள பெயரைக் காட்டுகின்றோம்.